வற்றாத களஞ்சியமா? தமிழ்க் கோப்புகளைப் படியெடுத்து வைத்தவர்களின் கதை

படிவம் நான்கு, ஐந்து மாணவர்களிடம் இணையத்தைப் பற்றிக் கட்டுரை கேட்டால் இரண்டு தொடர்கள் தப்பாமல் வந்துவிடும். ஒன்று, ‘விரல் நுனியில் உலகம்’. இன்னொன்று, ‘வற்றாத அறிவுக் களஞ்சியம்’. முதலாவதை விட்டுவிடலாம். இரண்டாவதைத் திருத்தும்போதுதான் கை நின்றுவிடுகிறது. தமிழ் இணையத்துக்கு வந்து முப்பது ஆண்டு ஆகிறது. அதற்குள் அந்தக் களஞ்சியம் பல தடவை வற்றியிருக்கிறது. வற்றிய இடங்களில் ஏதாவது எஞ்சியிருந்தால், அதற்குப் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: யாரோ ஒருவர் தம் சொந்தக் கணினியில் ஒரு படி எடுத்து வைத்திருந்தார். ஆசிரியர்களுக்கும் தேர்வு எழுதும் மாணவர்களுக்கும் இந்தக் கதை தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். கட்டுரையில் சான்றாகக் காட்டவும் பயன்படும்.

‘படி எடுத்தல்’ என்ற சொல்லே நமக்குப் பழையது. பனையோலை ஏடு எவ்வளவு கவனமாக வைத்திருந்தாலும் செல்லரிக்கும், ஒடியும். அதனால் புது ஓலையில் மறுபடி எழுதி வைத்தார்கள். எழுதாமல் விட்ட குடும்பத்தில் நூல் செத்தது. சி.வை. தாமோதரம் பிள்ளை 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்ததும், அதே ஆண்டில் உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்ததும் உங்களுக்குத் தெரியும். அவர்கள் தேடி அலைந்தது வீடு வீடாக, மடம் மடமாக. நூல்களைப் பெரும்பாலும் காத்தது மடங்களும் தனி மனிதர்களின் பரணும் பெட்டியும்தான்.

அச்சு வந்த பிறகும் அப்படித்தான். செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் என்று ஒருவர் இருந்தார். தொழில் பெயர்ப்பலகை வரைவது. 1950 வாக்கில் தொடங்கி நூல், இதழ், நாடக நோட்டீஸ், திருமண அழைப்பு என்று கிடைத்ததையெல்லாம் சேர்த்தார். பல்கலைக்கழகங்கள் மதிக்காத மலிவுப் பதிப்புகளும் அவரிடம் இருந்தன. அவர் 1992இல் மறைந்தபோது ஏறத்தாழ ஒரு லட்சம் உருப்படிகள் சேர்ந்திருந்தன. சிக்காகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கியது. ஆனால் கப்பலில் ஏற்றிக் கொண்டுபோகவில்லை. 1994இல் சென்னையிலேயே ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவானது. இன்று பழைய தமிழ் அச்சைப் பற்றி ஆராய்கிறவர் அந்தப் படியை ஏறாமல் இருக்க முடியாது.

அச்சு நூலைக் காப்பதில் ஒரு வசதி உண்டு. நூல் இருந்தால் போதும், படிக்கக் கண் போதும். கணினிக் கோப்பு அப்படியில்லை. கோப்பு வேண்டும், அதைத் திறக்கும் மென்பொருள் வேண்டும், தமிழாக இருந்தால் எழுத்துருவும் வேண்டும். மூன்றில் ஒன்று தொலைந்தாலும் மற்ற இரண்டால் பயனில்லை. தமிழர்கள் இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள். அதில் நம் வட்டாரத்துக்கும் பெரிய பங்கு உண்டு.

1985இல் கோலாலம்பூரில் முத்து நெடுமாறன் ‘முரசு’ மென்பொருளை உருவாக்கத் தொடங்கினார். பின்னாளில் அது ‘முரசு அஞ்சல்’ ஆகி, இந்த நாட்டுப் பத்திரிகை அலுவலகங்களில் புழங்கியது. தெற்கே சிங்கப்பூரில் ஆசிரியரும் எழுத்தாளருமான நா. கோவிந்தசாமி 1995இல் தமிழை இணையத்தில் ஏற்றிக் காட்டினார். 1997இல் அங்கேயே முதல் தமிழ் இணைய மாநாடு கூடியது. 2001 ஆகஸ்டில் அந்த மாநாடு கோலாலம்பூருக்கு வந்தது.

அந்த மாநாடுகளில் மணிக்கணக்காக விவாதித்தது எதைப் பற்றி? எந்த எழுத்துக்கு எந்த எண் என்பதைப் பற்றி. கேட்டால் இதற்கா இவ்வளவு சண்டை என்று சிரிப்பீர்கள். அன்றைய கணினியில் ஓர் எழுத்துருவுக்கு 256 இடம்தான். முதல் 128 ஆங்கிலத்துக்குப் போய்விடும். மிச்சத்தில் தமிழை அடைக்க வேண்டும். ஒவ்வொரு நிறுவனமும் தனக்குத் தோன்றிய வரிசையில் அடைத்தது. ஒரு பத்திரிகையின் பக்கத்தைப் படிக்க ஓர் எழுத்துரு, அடுத்த பத்திரிகைக்கு வேறோர் எழுத்துரு. இந்தக் குழப்பத்தைத் தீர்க்க மின்னஞ்சல் வழியே பல நாட்டுத் தமிழர்கள் கூடிப் பேசி ‘தகுதரம்’ என்ற டிஸ்கி முறையை வகுத்தார்கள். 1999இல் தமிழக அரசு டாம், டாப் என்று வேறு இரண்டைத் தரமாக அறிவித்தது. ஆக, தரமும் ஒன்றாக இல்லை.

டிஸ்கியில் ‘தமிழ்’ என்ற சொல் நான்கு எண்: 190, 193, 162, 250. எழுத்துரு இருந்தால் தமிழ். இல்லாவிட்டால் அதே நான்கு எண்ணும் திரையில் முக்கால் என்ற பின்னக்குறியாகவும், தலையில் கோடு போட்ட ஓர் ஐரோப்பிய எழுத்தாகவும், அமெரிக்கச் சென்ட் குறியாகவும், மறுபடி கோடு போட்ட எழுத்தாகவும் தெரியும். கோப்பு கெட்டுப்போகவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒரு புள்ளிகூட அழியவில்லை. சாவிதான் இல்லை.

இந்தச் சூழலில்தான் மதுரைத் திட்டம் வந்தது. சுவிட்சர்லாந்தில் வேதியியல் ஆய்வாளராக இருந்த கு. கல்யாணசுந்தரம், 1998 பொங்கலன்று அதைத் தொடங்கினார். சங்க இலக்கியம் முதல் இருபதாம் நூற்றாண்டு நூல்கள் வரை, பல நாடுகளில் இருந்த தன்னார்வலர்கள் சம்பளம் இல்லாமல் தட்டச்சுச் செய்தார்கள், பிழை திருத்தினார்கள். எஸ்.டி.பி.எம். மாணவர் ஒருவர் இன்று புறநானூற்றுப் பாடலைத் தேடி ஒரு நொடியில் எடுக்கிறார் என்றால், அதை யாரோ ஒருவர் இரவு வேலை முடிந்து வந்து தட்டியிருப்பார்.

மதுரைத் திட்டத்தில் என்னை மிகவும் கவர்வது நூல்களின் எண்ணிக்கை இல்லை. ஒவ்வொரு நூலின் தலைப்பக்கத்திலும் இருக்கும் ஒரு குறிப்பு: இந்த முகப்பை நீக்காமல் யாரும் இதை இலவசமாகப் பரப்பலாம். படியெடுக்க முன்கூட்டியே அனுமதி. ‘எங்கள் தளத்துக்கு வந்து படியுங்கள்’ என்று சொல்லவில்லை, ‘எடுத்துக்கொண்டு போங்கள்’ என்று சொன்னார்கள். அதனால் ஒரே நூலின் படி எத்தனையோ நாடுகளில் எத்தனையோ கணினிகளுக்குப் போனது. இன்னொன்றும் செய்தார்கள். காலம் மாறும்போது கோப்புகளையும் மாற்றினார்கள். முதலில் ஓர் எழுத்துரு, பிறகு டிஸ்கி, பிறகு யூனிகோடு. பழைய ஓலையைப் புது ஓலையில் எழுதுவது போலத்தான்.

அப்படி மாற்றாமல் விட்டவை என்ன ஆயின? ஜியோசிட்டீஸ் என்ற இலவசத் தளத்தில் அந்நாளில் பல தமிழர்கள் சொந்தப் பக்கம் வைத்திருந்தார்கள். கவிதை, ஊர் வரலாறு, இலக்கணக் குறிப்பு என்று பலவும் அங்கே இருந்தன. 1999இல் யாஹூ அதை வாங்கியது. 2009 அக்டோபர் 26இல் மூடியது. மூடுவதற்கு முன் ஜேசன் ஸ்காட் முன்னின்ற ‘ஆர்க்கைவ் டீம்’ என்ற தன்னார்வக் குழு முடிந்தவரை இறக்கிச் சேமித்தது. அதனால் உலகம் முழுதும் எழுதியவற்றில் ஒரு பகுதி பிழைத்தது. ஆனால் அதில் பழைய எழுத்துருவில் எழுதப்பட்ட தமிழ்ப் பக்கம் ஒன்று உங்களுக்குக் கிடைத்தால், திரையில் வருவது முக்காலும் சென்ட் குறியும்தான்.

இங்கேதான் மென்பொருளைச் சேமித்தவர்களின் மதிப்பு தெரிகிறது. சுரதா யாழ்வாணன் ‘பொங்குதமிழ்’ என்ற மாற்றியைச் செய்தார். இணையப் பக்கத்திலேயே இயங்குவது: பழைய எழுத்துருவில் உள்ளதை ஒரு பெட்டியில் ஒட்டினால் யூனிகோடாக வெளிவரும். சென்னையில் நியூ ஹொரைசன் மீடியா ‘என்.எச்.எம். கன்வெர்ட்டர்’ என்ற மென்பொருளை இலவசமாகக் கொடுத்தது. இவற்றை இறக்கிப் பத்திரப்படுத்தியவருக்கு இணையமே தேவையில்லை. எங்கள் பள்ளித் தமிழ் அறையில், ஓய்வுபெற்றுப் போன ஆசிரியர் ஒருவர் விட்டுச்சென்ற குறுவட்டுப் பெட்டி உண்டு. உறையின் மேல் மார்க்கர் பேனாவில் ‘கேள்வித்தாள் – எழுத்துருவும் உள்ளே’ என்று எழுதியிருக்கிறார். அந்த மூன்றாவது சொல்லால்தான் அவருடைய இலக்கணப் பயிற்சிகளை இன்றும் மாணவர்களுக்குக் கொடுக்க முடிகிறது.

இதில் பிரிக்பீல்ட்ஸை விட்டுவிட முடியாது. லிட்டில் இந்தியா, தோரண வாயில், பூமாலைக் கடை என்று நாம் நினைக்கிற அதே பிரிக்பீல்ட்ஸில்தான் மலேசியப் பார்வையற்றோர் சங்கமும் இருக்கிறது. வெள்ளைக் கோலுடன் நடப்பவர்களை அங்கே தினமும் பார்க்கலாம். பார்வையற்ற மாணவர் கணினியில் படிப்பது திரைவாசிப்பான் வழியாக. என்.வி.டி.ஏ. என்ற இலவச மென்பொருளும் அதிலுள்ள ஈஸ்பீக் குரலும் தமிழை வாசிக்கும். ஆனால் யூனிகோடில் இருந்தால் மட்டும். பழைய எழுத்துருக் கோப்பைக் கொடுத்தால் அது அர்த்தமில்லாத குறிகளை வாசிக்கும். நூலைப் படம் பிடித்துப் பி.டி.எஃப். ஆக்கிக் கொடுத்தால் வாயே திறக்காது. புலனக் குழுவில் நாம் ‘நோட்ஸ் போட்டாச்சு’ என்று அனுப்பும் படங்களெல்லாம் அந்த மாணவருக்கு வெற்றுத் தாள். சேமிப்பது என்றால் எந்த வடிவில் என்ற கேள்வியும் சேர்ந்தே வருகிறது.

பள்ளிக்கூட மென்பொருள்களின் கதை சுருக்கமானது, கொஞ்சம் கசப்பானது. 1999இல் 88 பள்ளிகளில் பெஸ்தாரிப் பள்ளி முன்னோடித் திட்டம் தொடங்கியபோது மலாய், ஆங்கிலம், அறிவியல், கணிதம் ஆகிய நான்குக்குப் பாடமென்பொருள் வந்தது. தமிழ் அதில் இல்லை. அதனால் தமிழாசிரியர்கள் தாங்களே பவர்பாயிண்டிலும் ஃப்ளாஷிலும் செய்துகொண்டார்கள். ஃப்ளாஷின் ஆயுள் 2020 டிசம்பர் 31உடன் முடிந்தது. 2021 ஜனவரி 12 முதல் அந்தக் கோப்புகள் ஓடாதபடி அடோபியே தடுத்துவிட்டது. சொற்புதிர், வல்லினம் மிகும் இடங்களுக்கான இழுத்துப் போடும் பயிற்சி போன்றவை ஒரே நாளில் ஊமையாயின. ‘ரஃபிள்’ என்ற இலவச மென்பொருளால் அவற்றுள் பலவற்றை இன்னும் ஓட்ட முடியும், ஆனால் மூலக் கோப்பு கையில் இருக்க வேண்டும். 2019 நடுவில் ஃப்ராக் கற்றல் தளத்திலிருந்து கூகுள் கிளாஸ்ரூமுக்கு மாறியதும் நினைவிருக்கும். பாடங்களைத் தம் கணினியிலும் வைத்திருந்தவர் மறுநாளே தொடர்ந்தார்.

சரி, வீட்டில் வைத்திருந்தால் மட்டும் போதுமா? 2021 டிசம்பர் 18ஐக் கிள்ளான், ஷா ஆலாம் பக்கம் இருப்பவர்கள் மறக்க மாட்டோம். தாமான் ஸ்ரீ மூடாவில் தண்ணீர் கூரையைத் தொட்டது. புத்தகமும் போனது, ஹார்டிஸ்க்கும் போனது. யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல், மே 31 இரவு தொடங்கி எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அவற்றுள் வேறெங்கும் படி இல்லாத ஏடுகளும் இருந்தன. வெள்ளம் இயற்கை, யாழ்ப்பாணத்தில் நடந்தது வன்முறை. இரண்டையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. ஆனால் ஒரே படி ஒரே இடத்தில் இருந்தது என்பது இரண்டுக்கும் பொது. 2005இல் தொடங்கிய இலங்கைத் தமிழரின் ‘நூலகம்’ திட்டம் தன் மின்படிகளை யாரும் இறக்கிக்கொள்ளும்படி வைத்திருக்கிறது.

பெரிய காப்பகம் ஒன்று பார்த்துக்கொள்ளும் என்றும் இருக்க முடியவில்லை. ப்ரூஸ்டர் கேல் 1996இல் தொடங்கிய இன்டர்நெட் ஆர்க்கைவ்தான் இணையத்தின் பழைய பக்கங்களுக்கு நமக்குள்ள பெரிய நம்பிக்கை. 2024 அக்டோபரில் இணையத் தாக்குதலால் அதுவே பல நாள் திறக்கவில்லை. அந்த வாரம் அதை நம்பி ஒப்படைப்பு எழுதிய மாணவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

இன்று படியெடுப்பது ஓலைக் காலத்தைவிட எளிது. 2007இல் எமானுவேல் எங்கல்ஹார்ட் என்பவர் தொடங்கிய ‘கிவிக்ஸ்’ மென்பொருளை நிறுவினால், 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா முழுவதையும் ஒரே கோப்பாக இறக்கி, இணையம் இல்லாமலே தேடிப் படிக்கலாம். இணைய வசதி குறைந்த வீட்டு மாணவருக்கு ஒரு விரலியில் போட்டுக் கொடுத்தால் போதும். மதுரைத் திட்ட நூல்களுக்கு நான் மேலே சொன்ன அனுமதி இருக்கிறது. ஆனால் கடையில் விற்கும் பயிற்சி நூலைப் படம்பிடித்துப் பரப்புவது வேறு விஷயம். 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி நம் நாட்டில் ஆசிரியர் மறைந்து 50 ஆண்டு வரை உரிமை நிற்கிறது. நம் எழுத்தாளர்கள் வாழட்டும், அவர்களுடைய நூல்களை விலை கொடுத்து வாங்குவோம்.

உங்கள் பள்ளித் தமிழ் அறையிலும் ஒரு குறுவட்டுப் பெட்டி இருக்கலாம். குறுவட்டு ஓட்டும் கருவி உள்ள கணினிகள் குறைந்துகொண்டே வருகின்றன, வட்டுகளும் பூஞ்சை பிடிக்கும். இந்த விடுமுறையில் எடுத்துப் பாருங்கள். உள்ளே இருப்பதை அப்படியே ஹார்டிஸ்க்கில் ஒரு படி, இன்னோர் ஊரில் இருக்கும் ஆசிரியரிடம் ஒரு படி என்று வையுங்கள். டி.டி.எஃப். என்று முடியும் கோப்பு கண்ணில் பட்டால் அதுதான் எழுத்துரு; அதைக் கேள்வித்தாளோடு சேர்த்தே வையுங்கள். பிறகு மாற்றியில் போட்டு யூனிகோடாக்கி, தனியாக ஒரு கோப்புறையில் சேமியுங்கள். மூலத்தை அழித்துவிடாதீர்கள். மாற்றும்போது பழைய எழுத்துருக்களில் ‘ஔ’வும் ‘ள’வும் இடம் மாறி வருவதுண்டு, ஒருமுறை வாய்விட்டுப் படித்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.