கைனிஸ்காவின் குதிரைகளும் மிஷேல் காங்கின் கழகங்களும்

பண்டைய ஒலிம்பியாவிலே பெண்கள் போட்டியிட இயலாது. ஆயினும் தேரோட்டத்தில் ஒரு விசித்திரமான விதி இருந்தது. வெற்றி மாலை தேரைச் செலுத்தியவனுக்கன்றிக் குதிரைகளின் உரிமையாளருக்கே உரியது. அந்த விதியைப் பயன்படுத்தி கி.மு. 396இலும் 392இலும் வெற்றி பெற்றவர் ஸ்பார்ட்டாவின் இளவரசி கைனிஸ்கா. மிஷேல் காங் 2024இல் தமது உதைபந்தாட்ட நிறுவனத்துக்குச் சூட்டிய பெயரும் இதுவே.

சியோலில் பிறந்தவர் காங். மாணவியாக அமெரிக்கா சென்று, சிகாகோவில் பொருளியலும் யேலில் முகாமைத்துவமும் பயின்றார். நோர்த்ரொப் குறுமனின் தகவல் தொழினுட்பப் பிரிவில் உயர்பதவி வகித்தபின், 2008இல் கொக்னொசான்ட் என்னும் சுகாதாரத் தொழினுட்ப நிறுவனத்தைத் தொடங்கினார். 2024இல் அதனை அக்சென்ச்சர் வாங்கியது.

இங்கே ஒரு பழங்கதையையும் சொல்ல வேண்டும். 1920 டிசம்பரில் இங்கிலாந்தின் பிரெஸ்டன் நகரத் தொழிற்சாலைப் பெண்களான டிக் கேர் அணியினரின் ஆட்டத்தைக் காண 53,000 பேர் திரண்டனர். மறு ஆண்டே, தன் கழகங்களின் மைதானங்களில் பெண்கள் ஆடக் கூடாதென இங்கிலாந்து உதைபந்தாட்டச் சங்கம் தடை விதித்தது. அத்தடை ஏறத்தாழ அரை நூற்றாண்டு நீடித்தது. இதனைத் திகனவில் இருந்து எழுதுகிறேன். கண்டிச் சீமையில் றக்பிக்கே முதல் மரியாதை. நான் பத்திரிகையில் பணிபுரிந்த காலத்திலும், கடைசி நேரத்தில் விளம்பரம் வந்துவிட்டால் முதலில் வெட்டப்படுவது பெண்களின் விளையாட்டுச் செய்திதான்.

தடை பிறந்து சரியாக நூறாண்டு கழிந்த 2021இல், வாஷிங்டன் ஸ்பிரிட் அணியின் பயிற்றுநர் ரிச்சி பர்க் வீராங்கனைகளை வசைமொழியால் வதைத்தார் என்ற குற்றச்சாட்டை வாஷிங்டன் போஸ்ட் வெளியிட்டது. பயிற்றுநர் நீக்கப்பட்டார். வீராங்கனைகள் அத்துடன் நிற்கவில்லை. பெரும்பங்காளரான ஸ்டீவ் பால்ட்வின் விலகித் தமது பங்கைக் காங்கிற்கு விற்கவேண்டுமெனப் பகிரங்கமாகக் கோரினர். காங் பங்காளராகி ஓராண்டுகூட ஆகியிருக்கவில்லை. சம்பளம் பெறுபவர்கள் தமக்கான முதலாளியைத் தாமே தெரிவு செய்த இச்சம்பவமே, என் பார்வையில், இவ்வரலாற்றின் உயிர்நாடி. அந்தக் கொந்தளிப்பின் நடுவே, நவம்பரில் அவ்வணி தேசியக் கிண்ணத்தையும் வென்றது. 2022இல் ஏறத்தாழ மூன்றரைக் கோடி டொலருக்குக் கழகம் காங்கின் வசமானது.

பின்னர் லண்டன் சிட்டி லயனஸஸும், ஐரோப்பியக் கிண்ணத்தை எட்டுத் தடவை வென்ற லியோன் மகளிர் அணியும் அவரிடம் வந்தன. ஆண்கள் அணி எதனுடனும் இணையாத அந்த லண்டன் கழகம் 2025இல் முதற்பிரிவுக்கு உயர்ந்தது. பல கழகங்கள் ஒருவர் கையில் குவிவது விளையாட்டுக்கு நல்லதா என்ற ஐயம் எனக்கு உண்டு. செல்வர் மனம் மாறினால் மூன்று நகரங்களில் விளக்கணையுமே!

அதே 2025 ஜூனில், கடன்சுமையால் லியோன் ஆண்கள் அணியை இரண்டாம் பிரிவுக்கு இறக்கப் பிரெஞ்சு நிதிக் கண்காணிப்புக் குழு தீர்மானித்தது. தலைவர் ஜோன் டெக்ஸ்டர் விலக, அவரிடத்துக்குக் காங் அழைக்கப்பட்டார். ஜூலையில் மேன்முறையீடு வெற்றி பெற்றது. ஆண்கள் அணி முதற்பிரிவிலேயே நிலைத்தது.