லயத்து வீடும் பட்டணத்து வீடும்: போர்ட்டிக்சன் வட்டாரத்தில் சொந்த வீட்டின் கதை



போர்ட்டிக்சன் பட்டணத்தில், கடைத்தெருவுக்கும் பள்ளிக்கும் கடற்கரைக்கும் நடந்தே சென்று வரக்கூடிய ஓர் இடத்தில் வீடு வாங்கலாமா என்று பெற்றோர் சிலர் அவ்வப்போது கேட்கின்றனர். பணக் கணக்கை வங்கி அதிகாரி சொல்லிவிடுவார். ஆனால், கடலுக்குச் சில மைல் தொலைவில் நூறாண்டுக்கு மேலாக வாழ்ந்த நம் மக்களுக்கு அப்பட்டணத்தில் வீடு வாங்குவது ஏன் இத்தனை தலைமுறை தள்ளிப்போனது என்ற கேள்விக்கு வரலாற்றில்தான் விடை தேட வேண்டும். அதையே இங்கு எழுதுகிறேன்.

முதலில் பட்டணத்தின் பிறப்பைப் பார்ப்போம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இக்கரையின் பெரிய ஊர் லுக்குட். ராஜா ஜுமாட் 1847இல் அங்கே கோட்டை கட்டி, ஈய வணிகத்தால் ஊரை வளர்த்தார். அன்று சிலாங்கூரைச் சேர்ந்திருந்த லுக்குட், 1880இல் சுங்கை ஊஜோங்கின் வசம் வந்தது. பிறகு ஈயத்தையும் தோட்ட விளைச்சலையும் ஏற்றுமதி செய்ய ஆழமான துறைமுகம் தேவைப்பட்டது. அரசாங்கம் தேர்ந்த இடத்தின் பழைய பெயர் ஆராங்; மலாயில் கரி என்று பொருள். நீரிணைக் குடியேற்றங்களின் செயலாளராயிருந்த சர் ஜான் பிரெடரிக் டிக்சனின் பெயரால் அது போர்ட்டிக்சன் ஆயிற்று. 1891இல் சிரம்பானிலிருந்து சுமார் 24 மைல் நீளத்தில் சுங்கை ஊஜோங் ரயில்பாதை வந்து சேர்ந்தது. ரயில் நிலையம், கப்பல் துறை, இவற்றை ஒட்டிய கடைவீடுகள் என ஊர் சிறியதாகவே அமைந்தது. அதனால்தான் பழைய பட்டணப் பகுதி இன்றும் நடந்து சுற்றக்கூடிய அளவில் இருக்கிறது. மோட்டார் வண்டி வருவதற்கு முன் பிறந்த ஊர்களுக்கு இந்த நற்பேறு உண்டு.

அப்பட்டணத்தில் தமிழர் இல்லாமலில்லை. ரயில்வேயிலும் அரசாங்க அலுவலகங்களிலும் யாழ்ப்பாணத்துக் கிராணிமார் இருந்தனர். சாலை போட்டவர்களும் துப்புரவு செய்தவர்களும் பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள். ஆயினும் இவர்கள் குடியிருந்தவை குவாட்டர்ஸ் எனும் அரசாங்க வீடுகள். வேலை இருக்கும்வரை வீடு. ஓய்வு பெற்றால் வெளியேற வேண்டும். கடைவீட்டுக்குப் பத்திரம் வைத்திருந்தவர்கள் சீன வணிகரும், வட்டித்தொழில் செய்த செட்டியாரும், வேறு சில வணிகருமே.

இனி, தோட்டத்திற்கு வருவோம். சுங்கை ஊஜோங்கில் 1880களிலேயே காப்பித் தோட்டங்கள் எழுந்தன. காப்பி விழுந்தபின் ரப்பர் வந்தது. லின்சம், சிலியாவ், சுவா பெத்தோங், சுங்கை சாலாக், செங்காங், செயிண்ட் லியோனார்ட் என்று இன்று நாம் சொல்லும் பெயர்களெல்லாம் தோட்டப் பெயர்களே. 1907இல் தமிழர் குடியேற்ற நிதி ஏற்பட்டபின் கங்காணிகளின் வழியாகக் கப்பல் கப்பலாக ஆள் வந்தனர். 1938இல் இந்திய அரசாங்கம் உதவிபெற்ற குடியேற்றத்தைத் தடுத்தபின் அந்த வரத்து நின்றது.

நகரத் திட்டம் பற்றிப் பேசுவோர் இப்போது 'நடந்து போகக்கூடிய குடியிருப்பு' என்பதை ஏதோ புதிய கண்டுபிடிப்பாகச் சொல்கின்றனர். எனக்குச் சிரிப்பு வருகிறது. நம் பாட்டன் பாட்டிமார் வாழ்ந்த தோட்டத்தில் எது நடைத்தூரத்தில் இல்லை? பிரட்டுக்களம், ஆலை, மாரியம்மன் கோயில், பள்ளிக்கூடம், ஆயாக் கொட்டகை, மளிகைக் கடை, திடல், கெடுவாய்ப்பாகக் கள்ளுக்கடை, எல்லாம் லயத்திலிருந்து சில நிமிட நடைதான். பிள்ளை தனியாகவே பள்ளிக்குப் போய் வரும். ஆனால் அந்த வீட்டின் ஒரு செங்கல்கூட அவர்களுக்குச் சொந்தமில்லை.

'இலவச வீடு' என்று அது சொல்லப்பட்டது. உண்மையில் அது சம்பளத்தின் ஒரு பகுதி. வீடு கொடுக்கிறோம், தண்ணீர் கொடுக்கிறோம் என்பதைக் காட்டியே கூலி தாழ்வாக வைக்கப்பட்டது. கூலி தாழ்ந்ததால் வீடு வாங்கச் சேமிப்பு இல்லை. சேமிப்பு இல்லாததால் லயத்தை விட்டுப் போக வழியில்லை. இந்த வட்டத்துக்குள் மூன்று, நான்கு தலைமுறைகள் சுழன்றன. 1966ஆம் ஆண்டுத் தொழிலாளர் வீட்டுவசதிக் குறைந்தபட்சத் தரச் சட்டம் வீட்டின் தரத்தைப் பேசியது. 1990இல் அதற்குப் பதிலாகப் புதிய சட்டம் வந்தது. இரண்டும் வீடு எப்படி இருக்க வேண்டும் என்றன. அது யாருக்குச் சொந்தம் என்பதைத் தொடவில்லை.

ஆசிரியர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். தந்தை ஓய்வு பெறும்போது வீட்டைக் காலி செய்ய வேண்டும். குடும்பத்தில் வேறொருவர் அத்தோட்டத்தில் பேர் பதிந்தால் வீடு நிலைக்கும். அப்படிப் பேர் பதிந்தவர் பல குடும்பங்களில் பதினைந்து பதினாறு வயது மகனோ மகளோதான். 'தோட்டப் பிள்ளைகளுக்குப் படிப்பில் நாட்டமில்லை' என்று நம் துறையிலேயே சிலர் எளிதாகச் சொல்லிவிடுவர். அப்பிள்ளைகளுள் எத்தனை பேர் கூரைக்காகப் புத்தகப் பையை இறக்கி வைத்தவர்கள் என்று யார் எண்ணினார்கள்?

1950களில் வேறொரு புயல் அடித்தது. வெள்ளைக்கார நிறுவனங்கள் பல தம் தோட்டங்களை விற்றன. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக்கி மறுபடி விற்றனர். இதுவே தோட்டத் துண்டாடல். சிறு துண்டின் உரிமையாளருக்கு லயமும் வேண்டாம், பள்ளியும் வேண்டாம். வேலையும் வீடும் ஒரே நாளில் போயின. 1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடலை மலாயாப் பல்கலைக்கழகத்தின் உங்கு அப்துல் அஜிஸ் விரிவாக ஆராய்ந்தார். 1954இல் உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமும் அதன் பொதுச்செயலாளர் பி.பி. நாராயணனும் இதை எதிர்த்துக் குரல் கொடுத்தனர்.

விடையாக எழுந்த பெரிய முயற்சி, 1960இல் துன் வீ.தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம். அமைச்சராயிருந்தவர் தோட்டம் தோட்டமாகச் சென்று, மாதம் 10 வெள்ளி வீதம் போடுங்கள், விற்கப்படும் தோட்டத்தை நாமே வாங்குவோம் என்று கேட்டார். பால்மரம் சீவியவர்களின் பத்து வெள்ளிகள் சேர்ந்து, 1961இல் கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம் வாங்கப்பட்டது. பிறகு மேலும் பல தோட்டங்கள். நம் சமுதாயப் பாடநூல்களில் இதற்குக் கிடைத்த இடம் போதாது என்பது என் எண்ணம். ஆயினும், சங்கத்தில் பங்கு வைத்திருப்பது வேறு, தன் பேரில் வீட்டுப் பத்திரம் வைத்திருப்பது வேறு. முதலாவது பலருக்குக் கிடைத்தபோதும் இரண்டாவதற்குக் காத்திருக்க வேண்டியிருந்தது.

1969க்குப் பின் குடியுரிமை இல்லாதோர்க்கு வேலை அனுமதிச் சீட்டு கட்டாயமாயிற்று. சிவப்பு அடையாள அட்டைக்காரர் பலர் ஊரைப் பார்த்துக் கப்பல் ஏறினர். இருந்தவர்களுள் முதலில் பட்டணத்துக்கு நகர முடிந்தவர்கள் மாதச் சம்பளச் சீட்டு கிடைத்தவர்கள். 1960களில் போர்ட்டிக்சனில் ஷெல், எஸ்ஸோ எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் இயங்கத் தொடங்கின. அங்கும், அரசாங்க வேலையிலும், பள்ளிகளிலும் சேர்ந்தவர்களிடம் வங்கி கடன் பேசியது. பால் விலையோடும் மழையோடும் ஏறி இறங்கிய நாட்கூலிக்காரரிடம் பேசவில்லை. குறைந்தபட்சச் சம்பளமாகத் தீபகற்பத்தில் 900 வெள்ளி நடப்புக்கு வந்தது 2013இல்தான்.

நெகிரி செம்பிலானில் நிலத்துக்கும் தனி வரலாறு உண்டு. கோலப்பிலா, ரெம்பாவ், ஜெலுபு, தம்பின் பகுதிகளில் அடாட் பெர்பாத்தே வழக்கப்படி குலநிலம் தாயிடமிருந்து மகளுக்குச் செல்லும். 1909இல் அதற்கெனச் சட்டமும் இயற்றப்பட்டது. மலாய் ஒதுக்கீட்டு நிலச் சட்டம் 1913இல் வந்தது. இவ்விரு வகை நிலமும் நமக்கு விற்பனைக்கு உரியதல்ல. இது குறையாகச் சொல்வதன்று. அம்மக்கள் தம் பெண்களின் கையில் நிலத்தை வைத்துக் காத்ததை நான் வியக்கிறேன். விடியற்காலையில் ஆண்களுக்கு இணையாக மரம் சீவிய நம் பெண்களின் பேரில் ஒரு முழ நிலமும் இல்லாதிருந்ததை அதனருகே வைத்துப் பார்க்கத் தோன்றுகிறது.

1990களில் இக்கடற்கரையில் அடுக்குமாடிகள் எழுந்தன. 1997ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியில் சில பாதியிலேயே நின்றன. வாங்கியவர்கள் வீடும் இன்றிக் கடனும் கட்டினர். 'கடற்கரை வீடு' என்று விளம்பரப்படுத்தப்படும் பல கட்டடங்கள் தெலுக் கெமாங் பக்கம், பழைய பட்டணத்திலிருந்து பல மைல் தள்ளி இருக்கின்றன. அங்கே கடலுக்கு நடக்கலாம். பள்ளிக்கும் சந்தைக்கும் கார் வேண்டும். விடுமுறைக்கு வருவோருக்காகக் கட்டப்பட்ட வீட்டில் பிள்ளை வளர்ப்பது எளிதன்று. பராமரிப்புக் கட்டணமும் உண்டு; உப்புக் காற்று இரும்புக் கதவை விரைவில் தின்றுவிடும்.

ஆகவே, பட்டணத்து நடைத்தூர வீட்டைத் தேடுவோர் பழைய நிலையத்தையும் சந்தையையும் சுற்றியுள்ள பகுதிகளையும், லுக்குட் சாலையோரத் தாமான்களையும் காலையிலும் மாலையிலும் நடந்தே பார்க்க வேண்டும், பிள்ளையையும் கூட்டிக்கொண்டு. சாலையோர நடைபாதை எங்கே முடிகிறது என்பது வரைபடத்தில் தெரியாது. சேமநிதிப் பணத்தில் வாங்க நினைப்போர், 2024 மே முதல் கணக்கு மூன்றாகப் பிரிக்கப்பட்டுள்ளதையும், வீட்டுக்கான தொகையைச் செஜாத்ரா கணக்கிலிருந்தே எடுக்க வேண்டும் என்பதையும் அறிக.

முன்பணம் கொடுக்குமுன் நில அலுவலகத்தில் கிரானைத் தேடிப் பாருங்கள். நிரந்தர உரிமையா, 99 ஆண்டுக் குத்தகையா, குத்தகையென்றால் இன்னும் எத்தனை ஆண்டு மிச்சம், கைமாற்ற மாநில அரசின் ஒப்புதல் வேண்டுமா, வங்கிப் பிணை ஏதும் பதிவாகியுள்ளதா என்பவை அதில் இருக்கும். அடுக்குமாடியானால் தனிப் பட்டா வழங்கப்பட்டதா என்று கேளுங்கள். கடைவீட்டின் மேல்மாடியை வாங்குவோர், அந்த மாடிக்குத் தனிப் பட்டா உண்டா, இல்லை கட்டடம் முழுவதுக்கும் ஒன்றுதானா என்பதை வழக்கறிஞரிடம் எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். கணவன், மனைவி இருவர் பேரையும் பதியச் சொல்லுங்கள்.