முதலில் கண்ட நாளும் முதலில் வந்த நாளும்

வரலாற்று மாணவர்க்கு ஆவணம் எப்படியோ, பூச்சியியலாளர்க்கு ‘முதல் பதிவு’ அப்படி. ஓர் அயல்நாட்டுப் பூச்சி எந்த ஆண்டில், எந்த ஊரில் கண்டறியப்பட்டது என்னும் குறிப்புகளை நாள் வரிசையில் அடுக்கிக் கோட்டால் இணைத்தால் அதன் பரவல் வரலாறு கிடைத்துவிடும் என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. அக்கருத்தை அசைத்த சான்று ஐரோப்பாவிலிருந்து வந்தது.

மக்காச்சோளத்தின் வேரை அழிக்கும் டயாப்ரோட்டிகா என்னும் வட அமெரிக்க வண்டு, 1992இல் பெல்கிரேடு விமான நிலையத்தின் அருகே காணப்பட்டது. ஹங்கேரி, குரோவேசியா, ருமேனியா என அடுத்தடுத்துப் பரவியது. 1998இல் வெனிஸ் அருகிலும், 2000இல் வடமேற்கு இத்தாலியின் பியட்மாண்ட் பகுதியிலும், 2002இல் பாரிஸ் விமான நிலையங்களின் அருகிலும் தென்பட்டது. வரைபடத்தில் அது மேற்கு நோக்கி நகரும் ஒரே அலையாகவே தோன்றியது.

2005இல் ‘சயின்ஸ்’ இதழில் மில்லரும் அவருடைய குழுவினரும் வேறொரு வரலாற்றை எழுதினர். சில வண்டுகள் மட்டும் புதுநிலத்தில் குடியேறும்போது, தாய்க்கூட்டத்தின் மரபணு வேறுபாடுகளில் ஒரு பகுதியே அவற்றுடன் வருகிறது. ஆகவே பெல்கிரேடு கூட்டத்திலிருந்து கிளைத்தவை அதன் சாயலையே பெரிதும் கொண்டிருக்க வேண்டும். மைக்ரோசாட்டிலைட் குறியீடுகளை அளந்து, சாத்தியமான வருகைப் பாதைகளைக் கணினியில் உருவாக்கி ஒப்பிட்டபோது, பாரிஸ், பியட்மாண்ட் வண்டுகள் அவ்வாறு பொருந்தவில்லை. அமெரிக்காவிலிருந்து குறைந்தது மூன்று தனித்தனி வருகைகள் நேர்ந்திருந்தன. வெனிஸ் பக்கத்து வண்டுகளோ பெல்கிரேடு வழி வந்தவை என்று பின்னைய ஆய்வுகள் காட்டின. ஒரே நாட்டுக்குள் இரண்டு வரலாறுகள்!

இது வெறும் வம்சாவளி ஆராய்ச்சி அன்று. பூச்சி ஒருமுறைதான் வந்தது என்றால், அது வந்தபின் துறைமுகத்தையும் விமான நிலையத்தையும் காப்பதில் பயன் குறைவு. அண்டை நாட்டு எல்லையைக் காத்தால் போதும். பலமுறை வந்தது என்றால் வாயில் இன்னும் திறந்தே கிடக்கிறது; ஒவ்வொரு வருகையும் பூச்சிக்கொல்லியைத் தாங்கும் புதிய மரபணுக்களைக் கொண்டுவரக்கூடும்.

இந்தியாவுக்கும் இக்கேள்வி அயலானதன்று. அமெரிக்கப் படைப்புழு 2016இல் மேற்கு ஆப்பிரிக்காவிலும், 2018இல் கர்நாடகத்திலும், அதன்பின் சீனாவிலும் பதிவாயிற்று. கிழக்கு நோக்கிய ஒற்றை அலை என அதையும் வரைந்தோம். முழு மரபணுத்தொகுதி ஆய்வுகளோ பல வருகைகள் நேர்ந்திருக்கக்கூடும் எனச் சுட்டி, அந்த ஒற்றைக் கோட்டை ஐயத்துக்கு உள்ளாக்கின.

மரபணுவும் பிழையற்ற சாட்சி அன்று. மாதிரி எடுக்கப்படாத ஊர், எழுதப்படாத ஆவணம் போன்றது. அங்கிருந்து வந்த பூச்சிக்கு நாம் தவறான தாயகத்தைச் சூட்டிவிடலாம். ஆதலால் களத்துக்குச் செல்லும் மாணவர்கள், பூச்சியின் பெயரை எழுதுவதோடு நில்லாமல், நாளும் இடமும் குறித்து மாதிரியையும் சேமித்து வைக்க வேண்டுகிறேன். முதல் பதிவு சொல்வது நம் கண் திறந்த நாளை மட்டுமே. பூச்சி வந்த வழியை அந்த மாதிரியே சொல்லக்கூடும்.