நான் முதல்வன்

தமிழ்நாடு அரசின் மாணவர் திறன் மேம்பாட்டுத் திட்டம். முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் தம் பிறந்தநாளான 2022 மார்ச் 1 அன்று தொடங்கிவைத்தார். ஆண்டுக்கு 10 லட்சம் இளைஞர்களுக்குத் திறன் பயிற்சி என்பது அறிவித்த இலக்கு. நடத்துவது தமிழ்நாடு திறன் மேம்பாட்டுக் கழகம். பெயர் ஆண்பாலில் இருந்தாலும் திட்டம் மாணவியருக்கும் உரியது.

பள்ளிகளில் இது உயர்கல்வி வழிகாட்டல். பிளஸ் டூ முடித்தோருக்கான ‘கல்லூரிக் கனவு’ நிகழ்ச்சி இதைச் சார்ந்தது. திட்டத்தின் கனம் கல்லூரியில்தான் தெரியும். பொறியியல், கலை அறிவியல் படிப்புகளில் தொழில் நிறுவனங்களின் பயிற்சிகள் பாடத்திட்டத்தோடே இணைக்கப்பட்டன. தேர்வும் மதிப்பெண்ணும் இல்லாத பயிற்சி வகுப்பில் பின்வரிசை காலியாகிவிடும் என்பது ஆசிரியர்கள் அறிந்ததே. கணினி மொழிகளோடு ஆங்கிலப் பேச்சும் கற்பிக்கப்படுகிறது. தமிழ்வழியில் படித்து வந்த பலருக்கு, நேர்காணலில் “உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்” என்று ஆங்கிலத்தில் கேட்டதும் தொண்டை வறண்டுபோகும். கோடிங் சிக்கல் அதற்குப் பிறகுதான்.

2023-இல் திட்டத்தில் குடிமைப்பணித் தேர்வுக்கான பிரிவு சேர்ந்தது. மதிப்பீட்டுத் தேர்வில் தேறும் 1,000 பேருக்கு, முதல்நிலைத் தேர்வுக்குப் படிக்க மாதம் ரூ.7,500 வீதம் 10 மாதங்களுக்குத் தரப்படுகிறது. முதல்நிலையைத் தாண்டியவர்களுக்கு ரூ.25,000.