எவர்கிரீன் கட்டுரை: எழுதி மூணு வருஷம் ஆனாலும் வாசகருக்கு உதவுவது எப்படி?

வருமான வரி பற்றிக் கூகுளில் தேடுகிறீர்கள். “இந்த ஆண்டு முதல் 7 லட்சம் வரை வரி இல்லை” என்று ஒரு கட்டுரை சொல்கிறது. 2023-ல் எழுதியபோது அது சரிதான். ஆனால் புதிய வரி முறையில் அந்த வரம்பு 2025-26 நிதியாண்டிலேயே 12 லட்சமாகிவிட்டது. படிப்பவருக்கு ‘இந்த ஆண்டு’ என்றால் அவர் படிக்கிற ஆண்டுதானே? அதை நம்பிப் பழைய முறையைத் தேர்ந்தெடுத்தால், கட்டத் தேவையில்லாத வரியையும் கட்ட வேண்டி வரலாம்.

அப்போ எவர்கிரீன்னா என்ன? தகவல் மாறாத கட்டுரை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி ஒன்று அநேகமாகக் கிடையாது. மாறாமல் இருப்பது வாசகரின் கேள்வி. “என் சம்பளத்தில் ஏன் இவ்வளவு பிடிக்கிறாங்க?” என்பதை ஒவ்வொரு வருஷமும் யாராவது தேடிக்கொண்டேதான் இருப்பார்கள்.

அதனால் எழுதும்போதே இரண்டைப் பிரித்துவிடுங்கள். வரித் தள்ளுபடி எப்படி வேலை செய்கிறது என்பது ஒரு பகுதி: முதலில் ஸ்லாப்படி வரி கணக்கிடுவார்கள், வருமானம் வரம்புக்குள் இருந்தால் அதைத் தள்ளுபடி செய்வார்கள், வரம்பைத் தாண்டினால் வரி வரும். 7 லட்சமோ 12 லட்சமோ, இந்த விளக்கம் நிற்கும். தொகைகளை மட்டும் ஒரே இடத்தில், நிதியாண்டோடு சேர்த்துப் போடுங்கள். சட்டப் பிரிவு எண்ணை வைத்து விளக்கத்தைக் கட்டாதீர்கள். எல்லோருக்கும் மனப்பாடமான ‘87ஏ’ இருந்த 1961-ம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக, 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் வந்து, பிரிவு எண்களே மாறிவிட்டன.

‘இப்போது’, ‘சமீபத்தில்’, ‘கடந்த பட்ஜெட்டில்’ போன்ற சொற்கள் வந்தால் வருஷத்தை எழுதிவிடுங்கள். யூஆர்எல்-லில் மட்டும் வருஷம் வேண்டாம். அடுத்த வருஷம் புதுப்பிக்கும்போது அதே முகவரியே போதும்.

உள்ளே எதையும் தொடாமல் தேதியை மட்டும் மாற்றுவது ரொம்பப் பழைய தந்திரம். அதைச் செய்கிறீர்களா என்று உங்களையே கேட்டுக்கொள்ளச் சொல்கிறது கூகுளின் வழிகாட்டுதல். வாசகரும் இரண்டாவது பத்தியிலேயே கண்டுபிடித்துவிடுவார்.

எல்லாவற்றையும் எவர்கிரீன் ஆக்கவும் முடியாது. இன்றைய தங்கம் விலை இன்றைக்குத்தான். ஆனால் செய்கூலி, சேதாரம் எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்று எழுதினால் அடுத்த அட்சய திருதியைக்கும் படிப்பார்கள். வரிக் கட்டுரைகளுக்கு பிப்ரவரி 1 மாலையே காலண்டரில் ஒரு ரிமைண்டர் போட்டுவிடுங்கள். பட்ஜெட் உரை முடிந்ததும் முதலில் திறக்க வேண்டியது உங்கள் பழைய கட்டுரையைத்தான்.