பெயரில்லாப் பாட்டுக்கு ஒரு பதிவு

அச்சிட்ட நூலுக்கு ஆசிரியரும் தலைப்பும் உண்டு. நூலகர் அட்டை எழுதிவிடலாம். இசைக்கு அந்த வசதி எப்போதும் வாய்ப்பதில்லை. ஐரோப்பிய இசை நூலகங்கள் இயற்றியவர் பெயரை முதலில் வைத்தன. 1952இல் தொடங்கிய பன்னாட்டு இசைமூலப் பட்டியல், இயற்றியவர் தெரியாத சுவடிகளை இனங்காணத் தொடக்கச் சுரங்களைத் துணைகொள்கிறது. நம்மிடம் கீர்த்தனை தேடி வருபவர் பல்லவியின் முதலடியோடு வருகிறார். ராகம், தாளம், முத்திரை, பாடபேதம் எல்லாம் அதன்பின் சேர வேண்டும்.

தமிழ்நாட்டில் இந்தப் பட்டியலிடும் துறைக்குப் பெரும்பணி செய்தவர் டாக்டர் வி. ராகவன் (1908–1979). திருவாரூரில் பிறந்து, தஞ்சை சரஸ்வதி மகாலில் சிறிதுகாலம் கண்காணிப்பாளராக இருந்து, சென்னைப் பல்கலைக்கழகம் வந்தவர். அங்கே 1935இல் தொடங்கிய வடமொழிச் சுவடிகளின் பெரும்பட்டியலில் உழைத்தார். அதன் முதல் தொகுதி 1949இல் வெளிவந்தது. மியூசிக் அகாதெமியின் செயலாளராகவும் நெடுங்காலம் இருந்தார். 1930களில் அகாதெமி இதழில் சங்கீத நூல்களை வரிசைப்படுத்தி எழுதினார். அந்தப் பெரும்பட்டியலின் நெறி ஒன்று கருதத்தக்கது: ஏடு கிடைக்காமல், பிறர் காட்டிய மேற்கோளால் மட்டும் தெரியவரும் நூலுக்கும் அதில் இடமுண்டு.

இந்த நெறியோடு பொன்னேரி வட்டத்துப் பழவேற்காட்டுக்கு வருவோம். சோழமண்டலக் கரையில் படகு தள்ளவும் வலை இழுக்கவும் மீனவர் பாடுவது அம்பா. ஒருவர் அடியெடுத்துக் கொடுப்பார். மற்றவர் ஏலேலோ என்று வாங்கிப் பாடுவர். வலை கரையேறும்வரை பாட்டு நீளும். அடிகள் இடம்மாறும், புதியவை சேரும். இயற்றியவர் பெயரும் இல்லை, நிலைத்த முதலடியும் இல்லை. ஆகவே இங்கே வேலையே தலைப்பாக வேண்டும். என்ன வலை, இழுத்தவர் எத்தனை பேர், அடியெடுத்தவர் யார், எந்தக் குப்பம், எந்தப் பருவம், தமிழா தெலுங்கா என்பவை அதன்கீழ் வரும். கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்கள் பழவேற்காடு ஏரியின் மீன்பிடி இடங்களைப் ‘பாடு’ எனப்படும் சுழல்முறையில் பகிர்ந்துகொள்பவை. ஏரித்தொழிலில் பிறந்த பாட்டு கிடைத்தால் அந்த முறைக்கும் பதிவில் இடம் வேண்டும். இன்றேல் யாருடைய உழைப்பு அது என்பது மறைந்துவிடும்.

ஒலிப்பதிவு செய்பவருக்கு இன்னொரு கடமையும் உண்டு. அமெரிக்க இந்திய ஆய்வு நிறுவனம் 1982இல் இசை ஆவணக் காப்பகம் ஒன்றை இந்தியாவில் நிறுவியது. வெளிநாட்டு ஆய்வாளர்கள் எடுத்துச்சென்ற ஒலிப்பதிவுகளின் படிகளை இங்கே மீட்டுக்கொண்டுவருவது அதன் நோக்கங்களில் ஒன்று. அதே நியாயத்தால், குப்பத்தில் பதிவாகும் பாட்டின் படி குப்பத்திலும் இருக்க வேண்டும். பாடியவர் பெயரும் அவர் இசைவும் உடன் எழுதப்பட வேண்டும்.

எஞ்சின் படகு வந்தபின் கூடித் தள்ளும் வேலை குறைந்தது. பாட்டுக்கான தருணமும் குறைந்தது. இனிப் பல அம்பாக்கள் ஒலியாகக் கிடைக்க மாட்டா. அதற்காகப் பட்டியல் எழுதாமல் விடலாகாது. எந்த வேலைக்கு, எந்தக் குப்பத்தில், யார் பாடினார் என்று மூத்தவர் சொன்னால் அந்த நினைவே ஒரு பதிவு. ஏடு இல்லாத நூலுக்குத் தந்த இடத்தை, ஒலி இல்லாத பாட்டுக்கும் தருவதே முறை.