மலாக்காவில் வானொலி அலைகள்: தளவிளைவும் தடைகளும்

வானொலி அலையின் மின்புலம் அதிரும் திசையைக் கொண்டு அதன் தளவிளைவு குறிக்கப்படுகிறது. நிமிர்த்திய ஏரியல் நெடுக்காக அதிரும் அலையை நன்கு வாங்கும். படுக்க வைத்த ஏரியல் கிடையாக அதிரும் அலையை வாங்கும். இரண்டும் 45 பாகை பிசகினால் கிடைக்கும் திறன் பாதியாகிவிடும். 90 பாகை பிசகினால் கொள்கைப்படி எதுவும் கிடைக்கக் கூடாது. ஆனாலும் ஏதோ கேட்கத்தான் செய்கிறது. வழியிலுள்ள சுவரும் மரமும் கூரையும் அலையை மறிப்பதோடு நிற்காமல் அதன் அதிர்வுத் திசையையும் மாற்றுவதே காரணம்.

மின்னல் எஃப்எம் உள்ளிட்ட ஆர்டிஎம் பண்பலை ஒலிபரப்பு, ஜொகூர் எல்லைக்குள் இருக்கும் லேடாங் மலை நிலையத்திலிருந்து மலாக்காவுக்கு வருகிறது. மலையின் உயரம் 1,276 மீட்டர். அந்த உயரத்துக்கு வானொலி அடிவானம் ஏறக்குறைய 145 கிலோமீட்டர். மலாக்கா நகரமோ சுமார் 45 கிலோமீட்டரில் இருக்கிறது. ஆகவே மாநிலத்தின் பெரும்பகுதியில், வீடுகளில் ஒலி கரகரப்பதற்குத் தொலைவு காரணமல்ல. கோளாறு கடைசிச் சில மீட்டர்களில் இருக்கிறது.

அங்குள்ள தடைகளில் ஒன்று தோட்டத்து மரங்கள். தான் சே யான் 1896இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்டார். மலாயாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டம் அது. லேடாங் அடிவாரத்துப் புக்கிட் அசஹானில் அடுத்த தோட்டம் எழுந்தது. வரிசையாக நிமிர்ந்து நிற்கும் பால்மரத் தண்டுகள் நெடுக்கு அலையைக் கூடுதலாக உறிஞ்சிச் சிதறடிக்கும். கிடை அலை ஓரளவு தப்பிவிடும். பண்பலையின் அலைநீளம் சுமார் 3 மீட்டர் என்பதால் இந்த வேறுபாடு அங்கே தெரியும். அதிர்வெண் ஏற ஏறக் கிளையும் இலையும் அலைநீளத்தை நெருங்கிவிடும், வேறுபாடு மங்கும். இன்று பல இடங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. நாலா பக்கமும் சாயும் அதன் மட்டைகள் அலையைப் பல திசைகளில் சிதறவிட்டு, அதிர்வுத் திசைகளைக் கலந்துவிடுகின்றன. மழையில் நனைந்த இலை இன்னும் அதிகமாக விழுங்கும்.

தோட்ட வீட்டின் தகரக் கூரை தனிக் கவனத்துக்குரியது. உலோகப் பரப்புக்கு இணையான மின்புலம் அந்தப் பரப்பை ஒட்டி ஏறக்குறைய பூச்சியமாகிவிடும். வானொலிப் பெட்டியைக் கூரையை ஒட்டிய பரணில் வைத்து ஏரியலைப் படுக்க விட்டால், அலை மிக மெலிந்த இடத்தில் அது கிடக்கிறது என்று பொருள். பெட்டியை ஒரு மீட்டர் கீழே இறக்கி, ஏரியலைச் சன்னல் பக்கம் பல கோணங்களில் திருப்பிப் பார்க்க வேண்டும். இதைச் செய்யாமல் பூஸ்டர் வாங்குவது வீண் செலவு; அது இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும்.

நகரத்தில் கதை வேறு. பொய்யாத விநாயகர் கோயில் 1781 முதல் நிற்கும் துக்காங் எமாஸ் தெருவைப் போன்ற குறுகிய தெருக்களில் இருபுறமும் சுவர்கள் நெருங்கி நிற்கின்றன. நிமிர்ந்த சுவர் நெடுக்கு அலையை வலுவாக எதிரொளிக்கும். கிடை அலையின் பெரும்பகுதியை உள்ளே விட்டுவிடும். செங்கல்லில் 60 பாகையைச் சற்றுத் தாண்டிய படுகோணத்தில் (புரூஸ்டர் கோணம்) கிடை அலை எதிரொளிப்பதே இல்லை எனலாம். தரையில் இது தலைகீழ்: அங்கே எதிரொளிக்காமல் போவது நெடுக்கு அலை. சாய்வாக அதிரும் அலை ஒன்று தெருச் சுவர்களில் பட்டுப் பட்டு வரும்போது கிடைப் பகுதியை இழந்து நிமிர்ந்துகொண்டே போகும். பழைய கட்டடங்களின் தடித்த செம்புரைக்கல் சுவர் ஈரமேறினால் இழப்பு கூடும். 5ஜி சேவையில் 700 மெகாஹெர்ட்ஸ் அலை அத்தகைய சுவரை ஊடுருவும் அளவுக்கு 3.5 கிகாஹெர்ட்ஸ் அலையால் முடியாது.

ஆஸ்ட்ரோ செயற்கைக்கோள் தட்டுக்கு வரும் 12 கிகாஹெர்ட்ஸ் அலைக்கு மழையே சுவர். அலைநீளம் 2.5 சென்டிமீட்டர்தான். விழும் பெருந்துளி பக்கவாட்டில் தட்டையாக விரிவதால் கிடை அலைக்கு இழப்பு அதிகம். எனவே சாயங்கால இடிமழையில், கிடை அலையில் வரும் அலைவரிசைகள் முந்திக்கொண்டு மறையலாம்.

தடைகளில் பட்டு அலையின் அதிர்வுத் திசை திரும்புவதையே கைப்பேசிக் கோபுரங்கள் பயனாக்கிக்கொள்கின்றன. அவற்றின் அலைவாங்கிகளில் இரு கூறுகள் வலமும் இடமும் 45 பாகை சாய்த்துப் பொருத்தப்படுகின்றன. ஒன்றில் மெலிந்த அலை மற்றதில் வலுவாக வர வாய்ப்புண்டு. பேசுபவர் கைப்பேசியை எந்தச் சாய்வில் பிடித்திருந்தாலும் இணைப்பு தாங்கும்.